மதுரைச் செய்திமடலில் விளம்பரம்: வாசகரை இழக்காமல் வருமானம் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஆடி பிறந்துவிட்டால் மதுரையில் மின்னஞ்சல் செய்திமடல் நடத்துகிறவர்களுக்குப் போன் வரத் தொடங்கும். "உங்க மெயில் எத்தனை பேருக்குப் போகுது? நம்ம தள்ளுபடியை அதுல போட எவ்வளவு ஆகும்?" கேட்பவர் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைக்காரராக இருக்கலாம், கே.கே. நகரில் புதிதாக டியூஷன் சென்டர் திறந்தவராக இருக்கலாம். பதில் கையில் தயாராக இல்லாவிட்டால் அவர் சொல்லும் தொகைக்கும் அவர் போடும் நிபந்தனைக்கும் தலையாட்டத்தான் வேண்டிவரும்.

விளம்பரம் வாங்குவதில் தப்பே இல்லை. மடல் அனுப்பும் சேவைக்கு மாதக் கட்டணம், டொமைனுக்கு (உங்கள் இணைய முகவரிப் பெயருக்கு) வருடக் கட்டணம், ஒரு தகவலைச் சரிபார்க்க ஊரைச் சுற்றும் பெட்ரோல், எழுதி முடிக்கிற நேரம் என்று எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். காசு வராத மடல் என்றாவது நின்றுபோகும். ஆனால் கடைக்காரர் உங்களிடம் பணம் தர முன்வருவதற்கு ஒரே காரணம், உங்கள் மடலில் வருவதைப் படிப்பவர்கள் நம்புகிறார்கள் என்பதுதான். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் நான் ஒரே இடத்தில் நிற்கிறேன்: மடலில் உள்ள இடத்தை விற்கலாம், எழுதுகிறவரின் வார்த்தையை விற்கக் கூடாது. கீழே வருவதெல்லாம் இதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதுதான்.

1. கடைக்காரரிடம் பேசும் முன் வாசகரிடம் பேசுங்கள்

சந்தா படிவத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். பல மடல்களில் "மதுரைச் செய்திகளை உடனுக்குடன் பெற" என்ற ஒரு வரிதான் இருக்கும். இது போதாது. என்ன வரும், எப்போது வரும், விளம்பரம் உண்டா இல்லையா என்று மூன்றையும் சொல்லுங்கள். ஒரு மாதிரி:

"வெள்ளிக்கிழமை தோறும் காலையில் மதுரை நிகழ்வுகள், போக்குவரத்து மாற்றங்கள், ஒரு நீண்ட கட்டுரை. ஒவ்வொரு மடலிலும் அதிகபட்சம் ஒரு விளம்பரம் இருக்கும்; அதன் மேலே விளம்பரம் என்று எழுதியிருக்கும். உங்கள் மின்னஞ்சல் முகவரியை யாருக்கும் தர மாட்டோம்."

ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு முதல் விளம்பரம் வருவதற்கு ஓரிரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். எதற்குப் பணம் தேவைப்படுகிறது, என்ன மாதிரி விளம்பரம் எடுப்பீர்கள், எதை எடுக்க மாட்டீர்கள் என்று ஒரு பத்தி போதும். பிடிக்காதவர்கள் சிலர் விலகிப் போவார்கள். போகட்டும், அவர்கள் முகம் சுளித்துக்கொண்டே பட்டியலில் இருப்பதைவிட அது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

இதில் சட்டமும் இருக்கிறது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய தகவலை எதற்காக வாங்குகிறோமோ அதற்குத் தெளிவான ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒப்புதலைக் கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பையும் கொடுக்கச் சொல்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆகவே தமுக்கத்தில் நடக்கும் கண்காட்சியில் வாங்கிய விசிட்டிங் கார்டுகளையும், கல்யாண வீட்டில் அறிமுகமானவர்களின் முகவரிகளையும் கேட்காமல் பட்டியலில் ஏற்றுவது கூடாது. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தான் கேட்காத மடலில் வரும் விளம்பரத்தை யாரும் பொறுத்துக்கொள்வதில்லை.

பட்டியல் பற்றி இன்னும் ஒன்று. "விளம்பரமெல்லாம் வேண்டாம் சார், லிஸ்ட்டை எக்ஸலில் அனுப்பிவிடுங்க, நாங்களே மெயில் போட்டுக்கிறோம்" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல தொகையும் சொல்வார்கள். இதற்கு ஒரே பதில், முடியாது என்பதுதான். அந்தப் பட்டியலை வைத்திருக்கும் கணக்கின் பாஸ்வேர்டையும் விளம்பர ஏஜென்சி, டிசைனர் என்று யாரிடமும் கொடுக்காதீர்கள்.

2. மடல் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள்

வாசகர் விசுவாசம் என்று பேசும்போது தொழில்நுட்பம் எதற்கு என்று தோன்றலாம். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக மடல் அனுப்புகிறவர்களுக்கு விதிகளைக் கடுமையாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் சுமார் 5,000 மடல்களுக்கு மேல் அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் உங்கள் டொமைனுக்கு அமைத்திருக்க வேண்டும்; மடல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் அமைப்புகள் இவை. ஒரே க்ளிக்கில் விலகும் வசதியும் வேண்டும். சிறிய மடலுக்கும் இவற்றை அமைத்துவிடுவது நல்லது. மடல் அனுப்பும் சேவையின் உதவிப் பக்கத்தில் வழி இருக்கும், ஒரு மாலையில் முடிகிற வேலை.

முக்கியமானது புகார் விகிதம். மடலைப் பெற்றவர்களில் ஸ்பேம் என்று அழுத்துகிறவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பதே நல்லது என்கிறது கூகுள். ஜிமெயில் வாசகர்கள் 2,000 பேர் என்று வைத்துக்கொண்டால் 0.3 சதவீதம் என்பது வெறும் ஆறு பேர். அடுத்தடுத்து மூன்று மடல்களில் ஒரே பிளாட் விளம்பரத்தைப் பார்த்துச் சலித்த ஆறு பேர் விலகும் லிங்க்கைத் தேடாமல் ஸ்பேம் பொத்தானை அழுத்தினால், மடலை ஆசையோடு எதிர்பார்க்கிற மற்றவர்களுக்கும் அது குப்பைக் கூடைக்குப் போக ஆரம்பிக்கும். விளம்பரத்தின் அளவு மீறினால் அதற்கான விலையை உங்கள் நல்ல வாசகர்கள்தான் கொடுக்கிறார்கள். விலகும் லிங்க்கை மங்கிய சாம்பல் நிறத்தில் அடியில் ஒளித்துவைக்காமல், "இந்த மடல் இனி வேண்டாம் என்றால் இங்கே அழுத்துங்கள்" என்று படிக்கும் அளவில் போடுங்கள்.

தமிழில் மடல் எழுதுகிறவர்களுக்கென்றே இன்னொரு சிக்கல் இருக்கிறது. மடலின் எழுத்தும், அதை வடிவமைக்கும் குறிமொழியும் (ஹெச்டிஎம்எல்) சேர்ந்து சுமார் 102 கேபியை, அதாவது ஏறக்குறைய ஒரு லட்சம் பைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டிவிடும். ஆங்கில எழுத்து ஒரு பைட் எடுக்கும். தமிழ் எழுத்தைக் கணினி ஒன்றோ இரண்டோ குறிகளாகச் சேமிக்கும், ஒவ்வொரு குறியும் மூன்று பைட். மெய்யெழுத்துக்கும் உயிர்மெய்யில் பெரும்பாலானவற்றுக்கும் இரண்டு குறிகள் வேண்டும். திருப்பரங்குன்றம் என்ற பத்து எழுத்துச் சொல்லுக்கே 51 பைட் போய்விடுகிறது. மடல் எழுத உதவும் சில மென்பொருள்கள் தமிழை எண் குறியீடுகளாக மாற்றிச் சேமிக்கும். அப்போது அளவு இரண்டு மடங்குக்கும் மேல் ஏறும். வெட்டு விழுந்தால் கடைசியில் இருப்பவைதான் போகும்: அடியில் வைத்த விளம்பரம், விலகும் லிங்க். காசு கொடுத்தவருக்கும் நஷ்டம், விலக நினைத்தவருக்கும் வழி இல்லை. அதனால் அனுப்பும் முன் உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு சோதனை மடல் அனுப்பி, கடைசி வரி வரை தெரிகிறதா என்று பாருங்கள்.

3. எதை அளப்பது

திறந்து பார்த்தவர்கள் இத்தனை சதவீதம் என்று சேவை ஒரு எண் காட்டும். அதைப் பெரிதாக நம்பாதீர்கள். மடலில் உள்ள படம் இறங்கினால் திறந்ததாகச் சேவை எண்ணிக்கொள்ளும், அவ்வளவுதான். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. அந்த வசதியை வைத்திருப்பவர்களின் மடல்களில் உள்ள படங்களை ஆப்பிளின் சர்வரே முன்கூட்டி இறக்கிக்கொள்ளும். வாசகர் மடலைத் தொடாவிட்டாலும் திறந்ததாகவே கணக்கு வரும். க்ளிக்கிலும் கொஞ்சம் போலி உண்டு. சில அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள் எல்லா லிங்க்கையும் தானே திறந்து சோதிக்கும். இருந்தாலும் திறப்பு எண்ணைவிட க்ளிக் மேல்.

உள்ளூர்க் கடைக்கு க்ளிக்கும் முழு அளவுகோல் ஆகாது. மடலைப் படித்த அம்மா லிங்க்கைத் தொடாமல் சனிக்கிழமை மாலையில் நேராகக் கீழமாசி வீதிக்குப் போய்விடுவார். ஆகவே கடைக்காரரோடு பேசி ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். பில் போடும்போது அந்தச் சொல்லைச் சொன்னால் சிறு சலுகை, கவுன்டரில் ஒரு நோட்டில் கோடு. வார முடிவில் எத்தனை கோடு என்று கேட்டு வாங்குங்கள். இதைவிட நேர்மையான அளவு கிடைக்காது.

உங்கள் பக்கத்தில் பார்க்க வேண்டியவை மூன்று: ஒவ்வொரு மடலுக்கும் விலகியவர்கள், ஸ்பேம் அழுத்தியவர்கள், பதில் எழுதியவர்கள். மூன்றாவதை நான் மிகவும் மதிக்கிறேன். "நீங்க சொன்ன கடையில பருத்திப்பால் சாப்பிட்டோம், அருமை" என்று வரும் இரண்டு வரி, எந்த வரைபடமும் காட்டாததைக் காட்டும். விளம்பரம் வந்த மடலையும் வராத மடலையும் தனித்தனியாகக் குறித்துவையுங்கள். சில மாதங்களில் உங்கள் வாசகர்களின் தாங்கும் எல்லை தெரிந்துவிடும்.

4. எத்தனை, எங்கே

ஒரு மடலுக்கு ஒரு விளம்பரம். இது என் தீர்மானமான கருத்து. மிக நீண்ட மடல் என்றால் இரண்டாவதாக அடியில் ஒரு வரி விளம்பரம் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இடம் நிலையாக இருக்கட்டும். முதல் செய்தி முடிந்த பிறகு ஒரு கட்டத்துக்குள் போடுவது நல்லது. திறந்ததுமே விளம்பரம் தெரிந்தால் படிக்கும் மனம் போய்விடும்; கடைசியில் போட்டால் கொடுத்த காசுக்கு நியாயமில்லை. வாரா வாரம் இடத்தை மாற்றினால் வாசகருக்கு எது செய்தி எது விளம்பரம் என்ற குழப்பம் வரும்.

விற்கக் கூடாத இடங்களும் உண்டு. தலைப்பு வரி விற்பனைக்கு இல்லை. அனுப்புநர் பெயரும் இல்லை. உங்கள் பெயரில் சேர்ந்தவருக்கு ஒரு நகைக்கடையின் பெயரில் மடல் போனால் அவர் உடனே ஸ்பேம் அழுத்துவதில் தப்பில்லை. பயன்பாட்டுப் பட்டியல்களின் நடுவிலும் வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் எந்த மண்டகப்படிக்கு எப்போது வருகிறார், எந்தச் சாலை அடைபடும் என்று நேரம் போட்டு எழுதும் பட்டியலையோ, அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாட்களின் போக்குவரத்து மாற்றத்தையோ வாசகர் கைபேசியில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நடப்பார். அந்தப் பட்டியலுக்குள் ஒரு பேனர் குறுக்கிட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். வைகை அணை திறந்து கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடும் நாளில் அனுப்பும் அவசர மடலில் எந்த விளம்பரமும் வேண்டாம்.

5. விளம்பரம் என்று எழுதுங்கள்

அந்த ஒரு சொல்லை, கட்டத்தின் மேலே, செய்தி எழுத்தின் அளவிலேயே எழுதுங்கள். "நம் நண்பர்கள்", "சிறப்புப் பகுதி", "வணிகத் துளிகள்" போன்ற பெயர்களெல்லாம் மறைப்புதான். தமிழ்ப் பத்திரிகை படித்து வளர்ந்தவர்களுக்குப் பக்கத்தின் உச்சியில் விளம்பரம் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பழக்கம். அது யாரையும் உறுத்துவதில்லை. போடாமல் விட்டது பிறகு தெரியவந்தால்தான் உறுத்தும்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே உள்ள தொடர்பு, பரிந்துரையின் நம்பகத்தை மாற்றக்கூடியதாக இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. தொடர்பு என்றால் பணம் மட்டும் இல்லை. இலவசமாக வந்த சேலை, சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பிய பிரியாணி, லிங்க் வழியாக யாராவது வாங்கினால் கிடைக்கும் கமிஷன் எல்லாமே கணக்கில் வரும். கமிஷன் லிங்க் போட்டால் அந்த இடத்திலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

விளம்பரத்தின் மொழியையும் கவனிக்க வேண்டும். கடைக்காரர் தரும் வாசகத்தை நீங்கள் செப்பனிடலாம், எழுத்துப்பிழை திருத்தலாம், பாதியாகச் சுருக்கலாம். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் "நான்", "எங்கள் வீட்டில்", "நம்பிப் போகலாம்" என்று உங்கள் குரல் வரவே கூடாது. "சார், நீங்களே போய் வாங்கின மாதிரி ரெண்டு வரி எழுதிருங்க" என்று கேட்பார்கள். அதற்கு இரட்டை விலை தருகிறேன் என்பார்கள். இந்த ஒன்றில் விட்டுக்கொடுத்தால், அடுத்த முறை நீங்கள் மனசாரப் பாராட்டும் ஒரு தெருக்கடையையும் வாசகர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

ஃப்ளெக்ஸ் போர்டுக்கு வடிவமைத்த படத்தை அப்படியே அனுப்பி, போடச் சொல்பவர்கள் நிறைய. படம் இறங்காத கைபேசியில் அது வெறும் வெள்ளைக் கட்டம். பார்வையற்ற வாசகரின் திரை வாசிப்பான் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கவும் திணறும். விவரத்தை எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள்: என்ன சலுகை, எந்த நாள் வரை, கடை எங்கே, போன் எண். படம் வேண்டுமென்றால் சிறியதாக ஒன்று, அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று உரையோடு.

6. யாரிடம் வாங்கலாம், யாரிடம் கூடாது

மதுரையில் உங்களிடம் அதிகப் பணத்தோடு வருபவர்கள் பெரும்பாலும் மனை விற்பவர்கள். ரிங் ரோடு, மேலூர், திருமங்கலம் என்று நாலா பக்கமும் லேஅவுட் போடுகிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேலான நிலம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட மனைகள், வீடுகள் கொண்ட திட்டம் என்றால் 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி முதலில் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாமல் விளம்பரம் செய்யவே கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் அதைத் தேடிப் பாருங்கள். "அப்ரூவல் ஆகிட்டே இருக்குண்ணே, இந்த வாரம் போட்டு விடுங்க" என்றால், அப்ரூவல் வந்த வாரம் போடலாம் என்று சொல்லுங்கள். ஒரு குடும்பம் பல வருடச் சேமிப்பை அந்த வரியை நம்பி இறக்கக்கூடும்.

அதிக வட்டி, மாதாமாதம் வருமானம், நகைச் சேமிப்பில் கூடுதல் பலன் என்று வருபவற்றை நான் முற்றிலும் ஒதுக்கிவிடச் சொல்வேன். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அவற்றை விளம்பரம் செய்வதும் தடைக்குள் வரும். சீட்டு என்றால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு வேண்டும். இதிலெல்லாம் ஆழமாகச் சரிபார்க்க ஒரு தனி ஆளுக்கு வசதி கிடையாது. நம் ஊர்ப் பக்கம் இப்படிப்பட்ட திட்டங்களில் பணத்தைப் போட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைகிறவர்களைப் பார்க்கிறோம். அவர்களில் ஒருவர் "உங்க மடல்ல பார்த்துத்தான் போட்டேன்" என்று எழுதினால் அதற்கு என்ன பதில் சொல்வது?

சர்க்கரை நோயை அடியோடு குணமாக்கும் சூரணம் போன்ற விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டமே தடை செய்கிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளின் விளம்பரம் 2025-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தால் தடைபட்டது. போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்கள் தேர்ச்சி பெற்றவர்களின் போட்டோவோடு வந்தால், அவர்கள் எந்தப் படிப்பில் எவ்வளவு காலம் அங்கே படித்தார்கள் என்று கேளுங்கள். 2024 நவம்பரில் இதற்கென்றே தனி நெறிமுறை வந்திருக்கிறது. வீட்டில் பொடி, ஊறுகாய், முறுக்கு செய்து விற்பவர்களிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விரட்டாமல், எப்படிப் பதிவு செய்வது என்று வழி சொல்லி அனுப்பலாம்.

"அசல் மதுரை" என்று வரும் விளம்பரங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். சுங்குடிச் சேலைக்கு 2005-இலும் மதுரை மல்லிக்கு 2013-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. சுங்குடி என்றால் கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றுவது. புள்ளி அச்சடித்த சேலையைக் கைமுடிச்சு சுங்குடி என்று விளம்பரம் கேட்டால், அச்சு என்ற சொல்லைச் சேர்த்தால் போடலாம் என்று சொல்லுங்கள். மணிக்கணக்கில் குனிந்து முடிச்சுப் போடும் கைகளுக்கு அவ்வளவு மரியாதையாவது நாம் செய்ய வேண்டும்.

எப்படிப்பட்ட விளம்பரம் வேண்டும் என்று கேட்டால், படித்து முடித்த வாசகர் "நல்ல வேளை தெரிஞ்சுது" என்று நினைக்கிற விளம்பரம். மாடித் தோட்டத்துக்கு நாற்று விற்பவர், கோடை விடுமுறைக்குச் சிலம்பம் கற்றுத்தருபவர், முகூர்த்த நாட்களுக்குச் சமையல் எடுத்துச் செய்பவர், பழைய புத்தகக் கடை. இவர்கள் தானாகப் போன் செய்ய மாட்டார்கள், மடல் என்றால் என்ன என்றே கேட்பார்கள். நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். பெரிய கடை தரும் தொகையில் கால்வாசிதான் கிடைக்கும் என்றாலும் போங்கள். இந்தச் சிறு விளம்பரங்களை வாசகர் செய்தியைப் போலவே ஆவலோடு படிப்பார்.

7. விலையும் பேச்சும்

ஆயிரம் பேருக்கு இவ்வளவு என்ற கணக்கு பெரிய பட்டியல்களுக்கானது. உதாரணத்துக்கு ஆயிரத்துக்கு 300 ரூபாய் என்று வைத்தால், 2,000 பேருள்ள மடலுக்கு 600 ரூபாய்தான் வரும். அதில் மடல் ஓடாது. ஒரு மடலுக்கு இவ்வளவு என்று மொத்தமாக வையுங்கள். அதற்குக் கணக்கு எளிது. மாதச் செலவோடு உங்கள் உழைப்புக்கு ஒரு நியாயமான தொகையைக் கூட்டி, அதை மூன்றால் வகுங்கள். நான்கு வாரத்தில் ஒரு வாரமாவது விளம்பரமில்லாமல் போகும் என்பதால் மூன்று.

விலையை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதையே அனுப்புங்கள். அதிலேயே விதிகளும் இருக்கட்டும்: பணம் முன்கூட்டியே, வாசகம் இரண்டு நாள் முன்னதாக, எந்த விளம்பரத்தையும் மறுக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு, செய்திப் பகுதியில் விளம்பரதாரருக்கு எந்த உரிமையும் இல்லை. சேவை விற்பனை ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், விளம்பரத்துக்கு 18 சதவீதம். அதற்குக் கீழே இருந்தாலும் ஒழுங்காக பில் கொடுங்கள்.

மதுரையில் பேரம் இல்லாமல் எதுவும் முடியாது. "ரெகுலரா தர்றோம்ணே, பாத்துப் போடுங்க" என்றால் நான்கு மடல்களுக்குச் சேர்த்துத் தொகையைக் குறைக்கலாம். விலையில்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். செய்தியில் ஒரு வரி கூடுதலாக எழுதுவதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்த நான்கையும் அடுத்தடுத்த வாரங்களில் போடாமல் இடைவெளி விடுங்கள். ஒரே விளம்பரதாரரிடமிருந்து வருவது மொத்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டிவிட்டால், அவர் போன் வந்தாலே நீங்கள் எழுதியதை மாற்ற யோசிப்பீர்கள்.

8. விளம்பரதாரரே செய்தியானால்

எல்லாவற்றிலும் கடினமான இடம் இதுதான். இப்படி நடக்கும்: போன மாதம் விளம்பரம் கொடுத்த கடையைப் பற்றி இந்த மாதம் மூன்று வாசகர்கள் புகார் எழுதுவார்கள். அல்லது விளம்பரம் கொடுத்த ஹோட்டல், தான் இருக்கும் தெருவின் நடைபாதையை அடைத்துவிட்டதாகப் பிரச்சினை கிளம்பும். எழுதுவதா வேண்டாமா?

எழுதுங்கள். வேறு யாராக இருந்தாலும் எழுதியிருப்பீர்கள் என்றால் இவரைப் பற்றியும் எழுதுங்கள். அவர் பக்கத்தைக் கேட்டு, அதையும் சேர்த்து, "இவர்கள் இந்த மடலில் விளம்பரம் செய்திருக்கிறார்கள்" என்ற வரியோடு எழுதுங்கள். மடல் போகும் முன் விளம்பரதாரருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்பதற்காக அல்ல, மற்றவர் சொல்லித் தெரிந்துகொள்ளும் சங்கடம் அவருக்கு வேண்டாமே என்பதற்காக. மீதி விளம்பரத் தொகையைத் திருப்பிக் கேட்டால் உடனே கொடுத்துவிடுங்கள். இதற்காகவே ஒரு மாத வருமானத்தைத் தனியாக எடுத்துவைத்திருப்பது நல்லது. கையில் காசிருந்தால்தான் இந்தத் துணிவு வரும்.

புகார் எழுதிய வாசகருக்குத் தனியாகப் பதில் போடுங்கள். கடையிடம் பேசினீர்களா, என்ன சொன்னார்கள், அடுத்து அந்த விளம்பரம் வருமா என்று மூன்றையும் சொல்லுங்கள். புகார் சரியென்று தெரிந்தும் கடை தீர்த்துவைக்கவில்லை என்றால் மறுபடி அவர்களிடம் வாங்காதீர்கள். அடுத்த மடலில் அதைச் சொல்லவும் செய்யுங்கள்.

சாப்பாட்டுக்கடை, படம், புத்தகம் என்று விமர்சனம் எழுதும் மடலாக இருந்தால் இன்னொரு கட்டுப்பாடும் தேவை. விளம்பரம் கொடுத்த இடத்தை மூன்று மாதத்துக்கு விமர்சிக்காதீர்கள். விமர்சித்த இடத்திலிருந்து மூன்று மாதத்துக்கு விளம்பரமும் வாங்காதீர்கள். பாராட்டு எழுதிய மறுவாரமே அந்தக் கடையின் விளம்பரம் வந்தால், இரண்டுக்கும் தொடர்பில்லை என்று எவ்வளவு சொன்னாலும் எடுபடாது.

9. பருவத்துக்கு ஒரு திட்டம்

விளம்பரம் ஆண்டு முழுவதும் சீராக வராது. ஆடியில் ஜவுளி, ஆவணியிலும் தையிலும் கல்யாண வேலைகள், ஐப்பசியில் தீபாவளி, மே-ஜூனில் பள்ளி, கல்லூரி. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். ஒரு மடலுக்கு ஒன்று என்ற விதியை உடைக்க மனம் துடிப்பது அப்போதுதான்.

அதற்கு நல்ல வழி, சலுகை மடல் என்று தனியாக ஒரு பட்டியல். "தீபாவளிக்கு மதுரைக் கடைகளின் சலுகைகள் மட்டும் ஒரு தனி மடலாக வரும், வேண்டுமா?" என்று வழக்கமான மடலில் கேளுங்கள். அழுத்திச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் அதை அனுப்புங்கள். அங்கே பத்து விளம்பரம் போட்டாலும் யாரும் கோபப்பட மாட்டார்கள், கேட்டுத்தானே வாங்கினார்கள். பட்டியல் சிறியதாக இருக்கும். ஆனால் எல்லாரும் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் என்பதால் கடைக்காரருக்கும் அது லாபம்.

மார்கழியில் கூட்டம் குறையும். அப்போது விளம்பரமில்லாத மடல்களாக அனுப்பி, வாசகர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்த வருடம் எந்த விளம்பரம் பயன்பட்டது, எது எரிச்சலாக இருந்தது? விளம்பரமே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சிறு தொகை கட்டிப் பெறும் பதிப்பைத் தரலாமா என்பதையும் அப்போதே கேட்டுவைக்கலாம். விரும்பியவர்கள் யுபிஐயில் ஆதரவுத் தொகை அனுப்பும் வசதியும் நல்லதுதான். ஆனால் ஊர்த் தகவலை மட்டும் காசு கட்டியவர்களுக்கென்று பூட்டிவைக்காதீர்கள்.

10. விளம்பரம் வந்த மறுவாரம்

மடல் போன ஏழாம் நாள் விளம்பரதாரருக்கு ஒரு சிறு அறிக்கை அனுப்புங்கள். எத்தனை பேருக்குப் போனது, எத்தனை க்ளிக், கவுன்டர் நோட்டில் எத்தனை கோடு. திறப்பு எண்ணைக் கேட்டால் கொடுங்கள், அது ஏன் கூடுதலாகத் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். யார் க்ளிக் செய்தார்கள் என்ற பெயர்ப் பட்டியலைக் கேட்டால் மட்டும் தராதீர்கள்.

எண் சுமாராக இருந்தாலும் அறிக்கை போகட்டும். ஏன் எடுபடவில்லை என்று உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்: சலுகையின் கடைசித் தேதி தெளிவாக இல்லை, கடை எங்கே என்று சொல்லவில்லை, இந்தப் பொருளை வாங்குகிறவர்கள் நம் வாசகர்களில் குறைவு. மூன்றாவதுதான் காரணம் என்றால், நான்கு மடல்களுக்குச் சேர்த்துக் கட்டியிருந்தால் மீதி மூன்றுக்கான பணத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, நோட்டீஸ் அடித்து அவர் தெருவிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.